அக்கா கரையில் தங்க வைத்த படகு

அக்கா கர்த்தரிடம் போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்குகிற சொந்தக்காரர், சபையார், பஞ்சாயத்தார், படகுக்காரர் எல்லாருக்கும் என் ஸ்தோத்திரம். கட்டுரையை மாமாதான் எழுத வேண்டும் என்று அக்கா மகள் சொல்லிவிட்டாள். எனக்குத் தெரிந்தது மரவேலை. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது திருநெல்வேலிச் சீமையில், தேரிக்காட்டு ஓரம். அப்பாவுக்கு அந்தமானில் காட்டிலாகா வேலை கிடைத்தது. அம்மா அக்காவை இடுப்பில் வைத்துக்கொண்டு கப்பல் ஏறினார்கள். நான் இங்கே வந்து பிறந்தவன். அப்பா மரம் இழுக்கிற யானைகளோடு காட்டில் இருப்பார். அம்மா சீக்கிரம் போய்விட்டார்கள். அக்கா ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு எங்களுக்குச் சோறு பொங்கினார். இதை ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை. தட்டில் மீதம் வைத்தால் மட்டும் திட்டுவார்.

அத்தான் மரமில்லில் வேலை செய்தார். மில் மூடியதும் இரண்டு பேரும் ஜெட்டிப் பக்கத்தில் டீக்கடை போட்டார்கள். வங்காளி, தெலுங்கர், மலையாளி, ராஞ்சிக்காரர் எல்லாரும் அங்கே டீ குடிப்பார்கள். அக்காவின் இந்தி அங்கே படித்ததுதான். இலக்கணம் கிடையாது. ஆனால் யாரும் மறுபடி என்னவென்று கேட்டதில்லை.

எங்கள் தீவைத் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நாங்கள் சின்னத் தீவு. சந்தை, ஆஸ்பத்திரி, பஸ் எல்லாம் எதிரே பெரிய தீவில், ரங்கத்தில். நடுவில் கடல். அரசாங்கப் படகு காலையில் ரங்கத்திலிருந்து வரும், போகும், மறுபடி வரும். சாயங்காலம் கடைசியாக ரங்கத்துக்குத் திரும்பிவிடும். இரவு அங்கேதான் நிற்கும். அதற்குப் பிறகு விடியும் வரை எங்களுக்கு வழி இல்லை. தீவில் ஒரு நர்சம்மா இருக்கிறார். மாத்திரை, ஊசி, கட்டு வரை அவர் பார்ப்பார். அதற்கு மேல் என்றால் படகு வேண்டும்.

அத்தானுக்கு நெஞ்சுவலி வந்தது கடைசிப் படகு போன பிறகு. நர்சம்மா தன்னால் ஆனதைச் செய்தார். காற்று மழைக்காலம். டிங்கி என்கிற சின்ன மீன்படகு வைத்திருப்பவர்கள் வந்து கடலைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அத்தானை ஜெட்டியில் பெஞ்சில் படுக்க வைத்துக் காத்திருந்தோம். விடியும் முன்னே போய்விட்டார். காலையில் படகு வந்தது. காய்கறி இறக்கினார்கள்.

அக்கா அழுதது வீட்டுக்குள். வெளியே அழவில்லை. முப்பதாம் நாள் ஜெபம் முடிந்து மறுநாள் கடையைத் திறந்தார். படகை ஓட்டுகிற சாரங் ஒரு வங்காளி. டீக்கு வந்து தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தார். அக்கா அவரிடம் கேட்டார். தாதா என்றால் அண்ணன், தீதி என்றால் அக்கா.

“தாதா, ராத்திரி படகு இங்கேயே நின்னா என்ன?”

“ஆர்டர் நஹீ ஹை, தீதி.”

“ஆர்டர் யார் போடுவா?”

“ஆபீஸ்.”

“ஆபீஸுக்கு யார் சொல்லுவா?”

சாரங் டீயைக் குடித்துவிட்டு, “பஞ்சாயத்” என்றார். அவ்வளவுதான் பேச்சு.

அந்த ஞாயிறு ஆராதனையில் சாட்சி சொல்லுகிற நேரம் அக்கா எழும்பினார். எழும்பினால் நன்றி சொல்லி உட்காருவதுதான் எங்கள் சபையில் வழக்கம். அக்கா நன்றி சொல்லிவிட்டு உட்காரவில்லை.

“ராத்திரி படகு இங்க நிக்கணும். நாம எல்லாரும் கிராம சபாவுல போய்க் கேக்கணும்” என்றார்.

எங்கள் உபதேசியார்தான் முதலில் வாயைத் திறந்தார். போதகர் ஐயா ரங்கத்திலிருந்து பதினைந்து நாளைக்கு ஒரு முறை வருவார். மற்ற நாளெல்லாம் சபை உபதேசியார் கையில்.

“ஏம்மா, சபை ஆத்துமாவப் பாக்கணும். படகையா பாக்கும்?”

“ஆத்துமா போறதுக்குப் படகு வேண்டாம் உபதேசியாரே. ஒடம்பு போறதுக்குத்தான் வேணும்.”

பெண்கள் பக்கம் யாரோ சிரித்தார்கள். உபதேசியாருக்குக் கோபம் வரவில்லை. யோசித்தார். பெரிய காரியம், அதனால் முதலில் உபவாச ஜெபம் வைப்போம் என்றார். எல்லாருக்கும் அது சரியாகப் பட்டது. அக்காவுக்கும்தான். எல்லாரும் வேலைக்குப் போகாத விடுமுறை நாளாகப் பார்த்துத் தேதி குறித்தோம்.

அதே விடுமுறை நாளில்தான் கிராம சபாவும். அது ஒருவர் மண்டையிலும் ஏறவில்லை.

காலையில் தண்ணீர்கூடக் குடிக்காமல் ஆலயத்தில் போய் உட்கார்ந்தோம். சின்னப் பிள்ளைகளைத் தவிர ஒருவர் பாக்கி இல்லை. ஜெபம் நன்றாக நடந்தது. பஞ்சாயத்து ஆபீஸ் மைதானத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அங்கே மைக்கில் எல்லாரும் வாங்க, வாங்க என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். ஜெபத்துக்கு இடைஞ்சலாக இருக்கிறது என்று உபதேசியார் ஜன்னலைச் சாத்தச் சொன்னார். சாத்தினது நான்தான். கொக்கி சரியாக விழவில்லை என்று ஒரு கட்டையும் முட்டுக் கொடுத்தேன்.

மறுநாள் பிரதான் கடைக்கு வந்தார். பஞ்சாயத்துத் தலைவரை இங்கே பிரதான் என்றுதான் சொல்லுவோம். அவரும் வங்காளி, பெரிய குரல்காரர்.

“க்யா தீதி, உங்க ஆளுங்க ஒருத்தரும் வரல? உங்க படகு விஷயத்த எடுக்கணும்னு நான் மைக்கைப் பிடிச்சிட்டே நின்னேன்.”

“நாங்க அதுக்காகத்தான் ஜெபம் பண்ணிட்டு இருந்தோம்.”

“எங்கே?”

“ஆலயத்துல.”

பிரதான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நான் உங்களுக்காக மைதானத்துல. நீங்க படகுக்காக ஆலயத்துல. ஆள் பத்தலைன்னு மீட்டிங் கலைஞ்சு போச்சு. கடவுளாவது வந்திருந்தா ஒரு தலை கூடியிருக்கும்.”

அக்கா டீயை அவர் முன்னால் கொஞ்சம் வேகமாக வைத்தார். பிரதான் போன பிறகு என்னைப் பார்த்தார். “ஏல, ஜன்னலச் சாத்துனது நீதான?” என்றார். பிறகு சிரிக்க ஆரம்பித்துவிட்டார். அத்தான் போன பிறகு அக்கா சிரித்து அன்றுதான் பார்த்தேன். எனக்கு நெஞ்சு லேசானது.

அடுத்த கிராம சபாவுக்குச் சில மாதம் காத்திருக்க வேண்டியிருந்தது. அக்கா வீடு வீடாகப் போனார். கிறிஸ்தவ வீடு மட்டும் இல்லை. எல்லா வீடும். காளி பூஜைப் பந்தலில் உட்கார்ந்து படகைப் பற்றிப் பேசினார். உபதேசியார் இதைக் கேள்விப்பட்டு என்னிடம் கேட்டார். நான் தெரியாது என்றேன். தெரியும்.

கிராம சபா அன்று காலையில் சின்ன ஜெபம். ஜன்னல் எல்லாம் திறந்து கிடந்தது. உபதேசியார் ஜெபத்தை நீட்டினார். அக்கா பாதியில் கீர்த்தனையை ஆரம்பித்துவிட்டார். பாட்டு வந்தால் ஜெபம் முடிந்தது என்று அர்த்தம். பாடிக்கொண்டே மைதானத்தைக் கடந்து போனோம்.

அங்கே அக்கா இந்தியில் பேசினார். நான் தமிழில் எழுதுகிறேன். “எங்க வீட்டுக்காரர் ஜெட்டிப் பெஞ்சில செத்தார். அவருக்காகக் கேக்கல. அவர் போயிட்டார். இங்க உக்காந்திருக்கிறதுல யாருக்கு இன்னைக்கு வலி வரும்னு எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிஞ்சா சொல்லுங்க. படகு வேண்டாம்.” இவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டார்.

பிரதான் தீர்மானத்தை வாசித்தார். கடைசிப் படகு தீவுக்கு வந்து இரவு இங்கேயே நிற்க வேண்டும், காலையில் இங்கிருந்து கிளம்ப வேண்டும் என்று. வாசித்துவிட்டு, “சப் ராஜீ?” என்று கேட்டார். எல்லாருக்கும் சம்மதமா என்று அர்த்தம்.

எங்கள் சபை முழுதும் ஒரே சத்தமாக, “ஆமென்!” என்றது.

வேறென்ன சொல்லுவார்கள்? கேட்டால் அதுதான் வரும். செக்ரட்டரி பேனாவைத் தூக்கிக்கொண்டு, இதை எப்படி எழுதுவது என்று பிரதானைப் பார்த்தார். பிரதான், “ஹாத் உடாவோ, ஹாத்!” என்று கையைத் தூக்கிக் காட்டினார். எல்லாரும் கையைத் தூக்கினோம். வங்காளிப் பெண்கள் கையையும் தூக்கி ஆமெனும் சொன்னார்கள். ஒன்று தப்பினாலும் இன்னொன்று இருக்கட்டும் என்று நினைத்திருப்பார்கள்.

தீர்மானத்தை எடுத்துக்கொண்டு அக்காவும் நானும் பிரதானும் ரங்கத்துக்குப் படகு ஆபீஸ் போனோம். அங்கே இருந்தவர் மரியாதையாகப் பேசினார். உட்காரச் சொன்னார். “அம்மா, படகு தங்கலாம். எனக்கு ஆட்சேபணை இல்லை. படகில் வேலை செய்கிற மூணு பேர் எங்கே தங்குவார்கள்? குவார்ட்டர்ஸ் கட்ட மேலே எழுதலாம். எப்போ வரும் என்று நான் சொல்ல முடியாது” என்றார். அவர் சொன்னது நியாயம். படகுக்குக் கயிறு போதும். மனுஷனுக்குக் கூரை வேண்டும்.

திரும்பி வருகிற படகில், எல்லாம் முடிந்தது என்று நான் நினைத்தேன். ஜெட்டியில் இறங்கும்போது அக்கா கேட்டார்.

“தம்பி, கட்டில் செய்ய எவ்வளவு பலகை வேணும்?”

ஆலயத்தை ஒட்டிப் போதகர் அறை ஒன்று உண்டு. நல்ல ஓட்டுக் கூரை, குளியலறை, மின்விசிறி. சபை பாடுபட்டுக் கட்டினது. போதகர் ஐயா வருகிற அன்று மட்டும் திறக்கும். மற்ற நாள் பூட்டித்தான் கிடக்கும். அக்கா சபைக் கமிட்டியில் அந்த அறையைக் கேட்டார். போதகர் ஐயாவும் அன்று இருந்தார்.

உபதேசியார் எழும்பிவிட்டார். “பீடி குடிப்பாவ. கருவாடு சுடுவாவ. அதுல ஒருத்தர் மலபார் மாப்பிள்ளை முஸ்லிம், அஞ்சு நேரம் தொழுறவர். போதகர் அறையில தொழுதா என்ன செய்வ?”

“தொழட்டும். அந்த அறையில ஜெபச் சத்தம் கேட்டே நாளாச்சு” என்றார் அக்கா.

யாரும் போதகர் ஐயா முகத்தைப் பார்க்கவில்லை. அவர் கழுத்தைச் சொறிந்தார். “அப்போ நான் வந்தா எங்கே படுக்கிறது?” என்று கேட்டார்.

“அங்கயே படுங்க ஐயா. நாலாவது கட்டிலும் தம்பி செய்வான்.”

என்னைக் கேட்கவே இல்லை. போதகர் ஐயா, சரி என்றார். இதற்காக அவருக்குப் பெரிய நன்றி. அறை அவருக்கென்று கட்டினது. வேண்டாம் என்று சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

கர்ஜன் மரப் பலகையில் நான்கு கட்டில் செய்தேன். படகுக்காரர் கால் நீளம் என்று அக்கா சொன்னதால் வழக்கத்தைவிட அரை அடி கூட்டினேன். சாப்பாட்டுக்கு வழி பெண்கள் சொன்னார்கள். எங்கள் சபையில் கைப்பிடி அரிசி என்று உண்டு. உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்து, ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குக் கொண்டுவருவார்கள். அந்த அரிசி இனிமேல் படகுக்காரரின் இரவுச் சோற்றுக்கு என்றார்கள். வங்காளி வீடுகளிலும் எடுத்து வைக்க ஆரம்பித்தார்கள். அது யாரும் கேட்காமல் நடந்தது.

படகு முதல் முதலாகத் தங்க வந்த சாயங்காலம் ஜெட்டியில் பாதித் தீவு நின்றது. சாரங் கயிற்றைக் கட்டிவிட்டு, பிளாஸ்டிக் பையில் லுங்கியும் பிரஷும் வைத்துக்கொண்டு இறங்கினார். பெண் வீட்டுக்கு வந்த புதுமாப்பிள்ளை மாதிரி வெட்கப்பட்டார். அக்கா கூட்டத்தில் முன்னால் வரவில்லை. கடையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். போய்ப் பார்த்துவிட்டு வரலாமே என்றேன். “நிக்குதுல்லா? போதும்” என்றார். அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினதாக என் மனைவியிடம் சொல்லியிருக்கிறார். நானும் தூங்கினேன். அத்தான் போன பிறகு தீவில் பலருக்குச் சாயங்காலம் ஆனால் ஒரு பயம் வந்துவிடும். அது அன்றோடு விட்டது.

அதற்குப் பிறகு யார் யார் இரவில் அந்தப் படகில் போனார்கள் என்று நான் எழுதப் போவதில்லை. அவர்களே இந்த மலரைப் படிப்பார்கள். கடைக்காரத் தெலுங்கர் மகளுக்கு ரங்கத்தில் பிள்ளை பிறந்தது. அதை எழுதலாம், அவர்களே சொல்லச் சொன்னார்கள். உபதேசியாரும் ஒரு முறை போனார். நீர் அடைத்துக்கொண்டது. படகில் வேலை செய்கிற அந்த மாப்பிள்ளைதான் அவரைத் தூக்கிப் படகில் வைத்தார். இப்போது இரண்டு பேரும் சேர்ந்து கருவாடு சுடுகிறார்கள். உபதேசியார் இதைப் படித்து என்னைத் திட்டுவார். திட்டட்டும்.

கிராம சபாவுக்குச் சபையார் போவது நிற்கவில்லை. தண்ணீர்க் குழாய், பள்ளிக்கூட வாத்தியார், ராஞ்சிக்காரக் குடும்பங்களுக்கு ரேஷன் கார்டு, எல்லாவற்றுக்கும் போனோம். சிலது கிடைத்தது. சிலது இன்னும் கிடைக்கவில்லை. ஆமென் சொல்லுகிற பழக்கத்தை மட்டும் விட முடியவில்லை. செக்ரட்டரி இப்போது அதையும் சம்மதம் என்றே எழுதிக்கொள்கிறார்.

அக்காவுக்குச் சர்க்கரை இருந்தது. பிறகு சிறுநீரகத்தில் விழுந்தது. போர்ட் பிளேரில், பத்துபஸ்தியில் மகள் வீட்டில் தங்கி ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்த்தார். மகளும் மருமகனும் குறை வைக்கவில்லை. மகள் அங்கன்வாடி வேலையையும் பார்த்துக்கொண்டு அம்மாவையும் பார்த்தாள். கடைசியில் அக்கா, ஊருக்குக் கொண்டு போய் விடு என்று சொல்லிவிட்டார். இங்கே வந்த பிறகும் மூச்சு முட்டி இரண்டு முறை இரவில் படகில் போய்த் திரும்பினார். இரண்டு முறையும் சாரங், “சலோ தீதி” என்றார். வேறு பேச்சு கிடையாது. மூன்றாம் முறை அப்படி இல்லை. ஒரு விடியற்காலை மகள் கையைப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் வெந்நீர் கேட்டு, குடித்துவிட்டு, அமைதியாகப் போனார். வேதனை இல்லை. பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்கும் அதுதான் ஆறுதல்.

எங்கள் தீவில் ஐஸ் பெட்டி கிடையாது. அன்றைக்கே அடக்கம். ரங்கத்துச் சொந்தக்காரர்களும் போதகர் ஐயாவும் சாயங்காலப் படகில் வந்து சேர்ந்தார்கள். இருட்டுவதற்குள் நல்லபடியாக அடக்கம் முடிந்தது. பிரதான் கல்லறை வரை வந்து நின்றார். குழி வெட்டினவர்களில் பாதிப் பேர் வங்காளிப் பையன்கள்.

அதற்குப் பிறகுதான் ஒரு பிரச்சினை. வந்தவர்கள் திரும்பிப் போக வேண்டும். படகு ஜெட்டியில் நிற்கிறது. ஆனால் அது காலையில்தான் கிளம்பும். எங்கள் பெரியப்பா மகன் ரங்கத்தில் காண்ட்ராக்ட் வேலை எடுப்பவர். மறுநாள் காலையில் அவருக்கு வேலை இருந்தது. நேராகச் சாரங்கிடம் போய், ஒரு டிரிப் விட்டுவிட்டு வரச் சொன்னார். சாரங் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

“படகு நிக்கட்டும் அண்ணே” என்றேன்.

“ஏல, சின்ன தூரம். விட்டுட்டு வந்துரட்டும். அதுக்குள்ள இங்க யாருக்கு என்ன வந்துரும்?”

“தெரியாது அண்ணே. அதனாலதான்.”

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. “அக்காவ மண்ணுல வச்சு ஈரம் காயல. அதுக்குள்ள சொந்தக்காரன மதிக்க மாட்டேங்க” என்று எல்லார் முன்னாலும் சத்தம் போட்டார். இன்னும் இரண்டு மூன்று பேர் அவர் பக்கம் சேர்ந்தார்கள். அழுது களைத்த நேரம், வீட்டுக்குப் போக வேண்டும் என்று யாருக்கும் இருக்கும். எல்லாரும் பெரியவர்கள். நான் முடியாது என்றால் உறவு கெட்டுவிடும் என்று தெரிந்தது. சரி என்றால் அக்கா இத்தனை வருஷம் செய்தது அன்றைக்கே முடிந்துவிடும். முதலில் அடக்கத்துக்குப் போகும், பிறகு கல்யாணத்துக்குப் போகும், பிறகு யார் கேட்டாலும் போகும்.

“நிக்கட்டும் அண்ணே” என்று மறுபடி சொன்னேன்.

அப்போது எங்கள் சித்தி பெஞ்சில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார். காலை நீட்டிக்கொண்டு பெரியப்பா மகனைப் பார்த்தார்.

“பாத்தியாடே அவளை! தான் போயிட்டா, நம்மளப் போக விடல பாரு.”

முதலில் சிரித்தது அக்கா மகள்தான். அழுத முகத்தோடு சிரித்தாள். பிறகு எல்லாரும். பெரியப்பா மகன் விறைப்பு மாறாமல், “ராத்திரிச் சோறாவது உண்டுமா?” என்று கேட்டார். உண்டு என்றேன்.

அன்று இரவு வந்தவர்களைத் தங்க வைத்த வீட்டாருக்கு என் நன்றி. பிரதான் தன் வீட்டைத் திறந்து விட்டார். வங்காளிப் பெண்கள் கிச்சடி கொண்டுவந்தார்கள். தெலுங்கர் கடையிலிருந்து பாய் வந்தது. சித்தி நர்சம்மா வீட்டில் படுத்தார். போதகர் ஐயா நாலாவது கட்டிலில் படுத்தார். மாப்பிள்ளை தன் தலையணையை அவருக்குக் கொடுத்தாராம். காலையில் போதகர் ஐயா என்னிடம், “அவர் தொழ இருட்டிலேயே எழும்பிட்டார். எனக்கும் படுக்க மனசில்லை. அவர் அந்த மூலை, நான் இந்த மூலை” என்றார்.

வைத்தியம் பார்த்த டாக்டர்களுக்கும், நர்சம்மாவுக்கும், சாரங்குக்கும் அவரோடு வேலை செய்கிறவர்களுக்கும், ஜெபித்த சபையாருக்கும், குழி வெட்டின பிள்ளைகளுக்கும், மகளுக்கும் மருமகனுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பெரியப்பா மகனுக்கும் நன்றி. அவர்தான் இந்த மலர் அச்சடிக்கும் பொறுப்பை எடுத்துக்கொண்டார்.

படகு காலையில் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு கிளம்பியது. அதுவரை இரவு முழுதும் ஜெட்டியில் நின்றது. யாருக்கும் ஒன்றும் வரவில்லை. ஒருவரும் அதைக் கூப்பிடவில்லை.

இப்படிக்கு,
தம்பி